மாங்கூழ் ஆலைக்கு எந்த வொர்க்ஃப்ளோ இன்ஜின்? ஏர்ஃப்ளோ, டெம்போரல், கமுண்டா: ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்களிடம் எடைமேடை, தரச் சோதனை, விவசாயிக்கான பணப் பட்டுவாடா ஒவ்வொன்றையும் ஓர் அணி கவனிக்கிறது. இரண்டு பருவங்களுக்கு முன், வங்கிக்குக் கட்டளை போன மறுநொடியே எங்கள் சர்வர் நின்றது. மீண்டும் எழுந்ததும், பணம் போகவில்லை என்று கருதி, ஒரே பெங்களூரா மாம்பழ லோடுக்கு மறுபடியும் பணம் அனுப்பிவிட்டது. எல்லா அணிகளும் தத்தம் பங்கைச் சரியாகவே செய்திருந்தன. வேலை எந்தப் படியில் நின்றது என்பதை நினைவில் வைத்திருக்கத்தான் எதுவும் இல்லை. பல படிகள் கொண்ட வேலையை வரிசையாக நடத்தி, அந்த நினைவைச் சுமப்பதே வொர்க்ஃப்ளோ இன்ஜின் என்ற மென்பொருளின் பணி என்பதால், மூன்றையும் அந்த அளவுகோலைக் கொண்டே பார்த்தோம்.

2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கிய ஏர்ஃப்ளோவில், எதற்குப் பின் எது என்பதைப் பைத்தானில் எழுதி நேரம் குறித்துவிடலாம். அன்றைய கொள்முதலை இரவில் தொகுக்க அது மிகப் பொருத்தமானது. வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு முறை என்று நாள் முழுக்க அதைக் கிளப்புவது அதன் இயல்பன்று.

ஊபர் நிறுவனத்தில் கேடன்ஸ் என்ற வொர்க்ஃப்ளோ இன்ஜினை உருவாக்கியவர்கள் 2019-இல் தொடங்கிய டெம்போரலில், வழிமுறையைக் கோ, ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் சாதாரண நிரலாகவே எழுதலாம். ஒவ்வொரு படியின் விளைவும் வரலாற்றில் பதிவாவதால், ஒரு கணினி நின்றுபோனால் மற்றொன்று அந்த வரலாற்றை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, முடிந்தவற்றை மீண்டும் செய்யாமல், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இதற்கு விலை உண்டு: வழிமுறை நிரல் கணினியின் கடிகாரத்தையோ தற்செயல் எண்ணையோ நேரடியாகக் கேட்கக் கூடாது; ஓர் ஓட்டத்தின் வரலாறு 51,200 நிகழ்வுகளைத் தாண்டவும் கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வங்கிக்குக் கட்டளை போய், விளைவு பதிவாகும் முன் கணினி நின்றுபோனால், டெம்போரலும் அந்தப் படியை மீண்டும் முயலும். ஆகவே எடைச்சீட்டு எண்ணையே அடையாளமாகச் சேர்த்தனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் கட்டளை மறுக்கப்படும்படி நாம்தான் அமைக்க வேண்டும்.

கமுண்டாவின் பலம் வேறு. வேலையின் படிகளைப் படமாக வரைவதற்கான பி.பி.எம்.என். 2.0 என்ற பொதுத்தரத்தில் வரைந்த வரைபடமே அதில் ஓடும் நிரலாகிறது. திரையில் படத்தைக் காட்டியபோது ஆலை மேலாளர் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, "அழுகல் கொஞ்சம் அதிகமா இருந்தா உடனே திருப்பி அனுப்ப மாட்டோமுங்க, விலையைக் குறைச்சுப் பேசுவோம். அது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். எட்டு மாதங்களாக எங்கள் நிரலில் இருந்த ஓட்டை அது. நிரலைக் காட்டியிருந்தால் அவரால் கண்டிருக்க முடியாது. ஆனால் பிழை கையாளும் கிளைகள் பெருகப் பெருகப் படம் சிக்கலாகிறது. இருவர் செய்த மாற்றங்களைப் படத்தில் ஒன்றுசேர்ப்பது நிரலில் செய்வதைவிடக் கடினம்.

இரண்டு இன்ஜின்களைப் பராமரிக்கும் ஆள்பலம் எங்களுக்கு இல்லை. பணம் தவறக்கூடாது என்பதால் டெம்போரலைத் தேர்ந்தோம். மேலாளரோடு பேசுவதற்கு மட்டும் வரைபடத்தைத் தனியே வரைந்துகொள்கிறோம். இரவுத் தொகுப்புக்கு இப்போதைக்கு, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் எளிய கருவியான க்ரான் போதும்.