எவர்சில்வர் முள் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?

ஃபிளை (இறகும் முடியும் நூலால் கட்டிய பொய் இரை) கட்டுகிற எவர்சில்வர் தூண்டில் முள்ளின் விலை இறங்கியதும் தொண்டித் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ரொம்ப வருசமா நீங்க அதுலதானே கட்டுறீங்க, பெட்டியோட வாங்கிப் போட்டுறவா?" வாங்கு, வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அந்த முள்ளோடு எனக்கு அவ்வளவு கணக்கு பாக்கி இருக்கிறது.

முதலில் அதற்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கரையில் உப்பு காற்றிலேயே இருக்கிறது. கார்பன் முள்ளில் கட்டிய ஃபிளையைக் கழுவாமல் ஒரு ராத்திரி பையில் விட்டால் போதும், காலையில் தூண்டில் நரம்பு கோக்கும் கண் ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கும். வெள்ளை ஆட்டுமுடியில் கட்டியிருந்தால் கறை முடியிலும் இறங்கிவிடும். அதோடு நிற்காது, பக்கத்தில் இருக்கும் நல்ல முள்ளையும் கெடுக்கும். எவர்சில்வர் முள்ளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பாம்பனில் நனைந்து, வாலிநோக்கத்தில் நனைந்து, சேவல் இறகு உதிர்ந்து மொட்டையான பிறகும் பிளேடால் நூலை அறுத்து அதே முள்ளில் மறுபடி கட்டியிருக்கிறேன்.

துருவே பிடிக்காது என்று மட்டும் நம்ப வேண்டாம். எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறுபட்டால் தானாக மறுபடி படரும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நூல் சுற்றுக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும், அங்கேதான் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதனால் நூல் சுற்றுவதற்கு முன்பே தண்டில் ஒரு கை நகப்பூச்சு தடவுவேன். அது காய்வதற்குள் சுற்றினால் நூலும் நழுவாது, தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது.

உருவத்திலும் குறை சொல்ல முடியாது. தண்டு அளவான நீளம், வாய் (தண்டுக்கும் முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி) அகலம், நேர்கண். அமெரிக்காவில் பாப் கிளவுசர் என்பவர் 1980களில் ஆற்று மீனுக்காகக் கட்டிய கிளவுசர் மின்னோ என்கிற ஃபிளைக்கு இந்த வடிவம் நன்றாகப் பொருந்துகிறது. தண்டின் மேல்பக்கம் கண்ணுக்குப் பின்னால் ஈயக் கண் (கண் மாதிரியான ஈய மணி) இரண்டைக் கட்டினால், தண்ணீரில் முள் தலைகீழாகப் புரண்டு முனை மேலே பார்த்தபடி வரும். நமக்கு இதை விடத் தோதான கட்டு கிடையாது. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) ஆழம் குறைவு, அடியில் சேறும் தாழை என்கிற கடற்புல்லும். தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) பார், அதாவது கடலடிப் பாறை. கச்சானும் (மேல்காற்று) சோழகமும் (தென்காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் அப்படியே மாறும். எந்தப் பக்கம் நின்றாலும் அடியில் மாட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. முனை மேலே பார்த்து வந்தால் பாதித் தொல்லை போய்விடும். (மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் போகாதீர்கள். 1986-ல் அறிவித்த பாதுகாப்பு அது, இருக்கட்டும்.)

சரி, இவ்வளவு நல்ல முள்ளில் எனக்கு என்ன கோபம்? முனை.

புது முள்ளை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கூரான முள் அங்கேயே பற்றி நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போகும். நல்ல கார்பன் முள் பாக்கெட்டில் இருந்து எடுத்ததுமே நகத்தில் பதிகிறது. விரல் பட்டாலே ரத்தம் வரும். எவர்சில்வரோ கொஞ்சம் மென்மையான உலோகம். முதலில் ஓரளவு கூர் இருந்தாலும் இரண்டு தடவை கடலடிக் கல்லில் உரசினால் மழுங்கிவிடும்.

இரையோடு போடுகிற தூண்டிலுக்கு இது பெரிய விஷயம் இல்லை. இரையை மீன் விழுங்கும், முள் தானாக மாட்டும். இறகையும் முடியையும் பாரை மீன் விழுங்காது. கடித்த கணத்தில் பொய் என்று தெரிந்து துப்பிவிடும். ஃபிளைக் கம்போ வளைந்து கொடுக்கிற கம்பு. அதைத் தூக்கி மாட்ட முடியாது, இடது கையால் நரம்பைச் சுண்டி இழுத்துத்தான் முள்ளை ஏற்ற வேண்டும். அந்த ஒரு சுண்டில், எலும்பு மாதிரி இருக்கும் பாரை வாயில் தடித்த கம்பி இறங்க வேண்டும். மழுங்கிய முனை இறங்காது. குந்துகால் பக்கம் ஒரு சாயங்காலம் நல்ல பாரை ஒன்று கடித்து, நரம்பை உருவிக்கொண்டு ஓடி, திடீரென்று விட்டுப் போனது. முள் வளையவில்லை, நரம்பும் அறவில்லை. முனை ஏறவே இல்லை. இன்னும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அரம் போட்டால் கூர் வரும், மறுக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எவர்சில்வரில் அரம் போட்ட இடம் பிறகு எளிதில் துருப்பிடிப்பதில்லை, கார்பனில் அரம் போட்டால் மேல்பூச்சு போய் அங்கிருந்தே துரு தொடங்கும். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய புது முள்ளுக்கு, நூல் சுற்றுவதற்கு முன்பு ஒவ்வொன்றாக நான் ஏன் அரம் தேய்க்க வேண்டும்? முள்ளுக்கு இருக்கிற ஒரே வேலை குத்துவது. அதைச் செய்து தரத் தெரியாதவர்கள் பெட்டியை மட்டும் அழகாகச் செய்து என்ன பயன்?

அளவு பற்றிச் சுருக்கமாக: 2-ஐ விட 1 பெரிது, 1-ஐ விட 1/0 பெரிது, அதை விட 2/0. ஒரு கம்பெனி 1/0-வும் இன்னொரு கம்பெனி 1/0-வும் ஒன்றாக இருக்காது, எண்ணை நம்பாமல் வாயின் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஆக, தம்பி, வாங்க வேண்டாம். மேலே சொன்ன பாராட்டு எதையும் திரும்பப் பெறவில்லை, ஆனால் வேண்டாம். முனை ஒரு காரணம். இன்னொன்று, நான் பாராட்டிய அதே துருப்பிடிக்காத குணம். முனை மேலே பார்த்து வந்தாலும் பாரில் சில ஃபிளை அறுந்து போகத்தான் செய்யும். அந்தப் பார்களில்தான் ஏர்வாடியில் இருந்தும் சின்னப்பாலத்தில் இருந்தும் வரும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசியைப் பறிக்கிறார்கள். கார்பன் முள் நாளடைவில் அரித்து உளுத்துவிடும். எவர்சில்வர் அங்கேயே கிடக்கும், மேலே பார்த்தபடி. அவர்கள் கை வைக்கிற இடத்தில் அப்படி ஒன்றை விட்டு வர எனக்கு மனசில்லை.

கார்பனில் 1/0 ஒரு சின்னப் பாக்கெட், நெத்திலி அளவுக்குக் கட்ட 2 ஒரு பாக்கெட் வாங்குங்கள். முனைக்கு உள்ளே இருக்கும் எதிர்முள்ளைக் கட்டுவதற்கு முன்பே குறடால் நசுக்கிவிடுங்கள், சுலபமாக இறங்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள். நனைந்ததைக் காய்ந்ததோடு சேர்க்காதீர்கள். என்னிடம் மிச்சம் இருக்கிற எவர்சில்வர் முள்ளை அரம் போட்டு, வள்ளத்தில் போகும்போது ஆழத்தில் மட்டும் போட்டுத் தீர்ப்பேன். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் புதுப் பெட்டி வாங்கப் போவதில்லை.