பொதுநிலத்தின் பழைய எல்லை: பயிர்த்தடமா, லைடாரா, பழைய வான்படமா?

இங்கிலாந்தில் ஊர்ப் பொது வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தனியார் கைக்கு வளைத்துக் கொடுக்க 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போடப்பட்டன. வளைக்கப்பட்டது சுமார் 68 லட்சம் ஏக்கர். இன்று பொதுநிலமாக மிஞ்சியிருப்பது நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதம். மறைந்த எல்லைகள் எங்கே ஓடின என்று வானிலிருந்து தேடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. அதிகம் புகழப்படும் வழிக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன்.

அந்தப் புகழ் பெற்ற வழி பயிர்த்தடம். புதைந்த அகழியின் மேல் ஈரம் தங்கும். அங்கே பார்லி உயரமாகப் பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் குட்டையாகிச் சீக்கிரம் பழுத்துவிடும். 1924-இல் தொல்லியலாளர்கள் ஓ. ஜி. எஸ். க்ராஃபோர்டும் அலெக்ஸாண்டர் கெய்லரும் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் வட்டாரத்துக்கு மேல் பறந்து படம் எடுத்ததிலிருந்து வான்வழித் தொல்லியலுக்கே அது முகவரி ஆகிவிட்டது. 1976, 2018 கோடைகளின் வறட்சியில் புதிய தடங்கள் ஏராளமாகத் தெரிந்தன. படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு நீர் வடியும் சரளை மண்ணோ சுண்ணாம்பு நிலமோ வேண்டும், மேலே தானியப் பயிர் வேண்டும், மழையும் பொய்க்க வேண்டும். களிமண்ணில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அப்புறம், இரும்புக்கால அகழியும் 18-ஆம் நூற்றாண்டு அகழியும் ஒரே பச்சையில் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஓடினால் எது பொதுநிலத்தின் விளிம்பு என்று பிரிப்பது பெரும்பாடு.

லைடார் வேறு ரகம். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, கடைசியாகத் திரும்பி வருபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மரங்களை உரித்துவிட்டுத் தரையைப் பார்க்கலாம். காட்டுக்குள் ஒளிந்த எல்லை மண்கரைகளுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 1 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயர அளவு கொண்ட தரவை இலவசமாகவே தருகிறது.

பொதுநிலம் தேடுபவருக்கு இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. இடைக்கால உழவு நிலத்தில் நீண்ட மேடுகளும் பள்ளங்களுமாக வரிகள் உண்டாகும். நீளமான எருதுப் பூட்டைத் திருப்ப இடம் வேண்டியிருந்ததால் அந்த வரிகள் கண்ணாடியில் தெரியும் எஸ் (S) எழுத்துபோல லேசாக வளைந்திருக்கும். அந்த வரிகள் ஒரே கோட்டில் சட்டென்று நின்று, அதற்கப்பால் தரை உழவே காணாததுபோல் இருந்தால், மேய்ச்சல் நிலம் அங்கே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எல்லைக் கரை கரைந்து போயிருந்தாலும் இந்த விளிம்பு சாட்சி சொல்லும்.

கரையே மிஞ்சியிருந்தால் இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். கரை எந்தப் பக்கம், அகழி எந்தப் பக்கம்? பொதுநிலத்தில் மேயும் மாடு பயிருக்குள் வராமல் தடுப்பது பக்கத்து நிலக்காரரின் பொறுப்பு. அதனால் கரை வயல் பக்கமும் அகழி பொதுநிலப் பக்கமும் இருப்பதே வழக்கம். உருவமும் துப்புக் கொடுக்கும்: பழைய பொதுநிலத்தின் ஓரங்கள் உள்வாங்கி வளைந்து, மூலைகளில் புனல்போல் குறுகிச் சாலையாக நீளும். அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேர்க்கோடுகள் தெரிந்தால், அநேகமாக நிலத்தைப் பங்குபோட வந்த அளவையாளர்களின் கைவேலை.

லைடாரில் ஏமாறுவதும் சுலபம். உயரத் தரவிலிருந்து கணினி வரையும் நிழலிட்ட படத்தில் வெளிச்சம் வழக்கமாக வடமேற்கிலிருந்து விழும்படி அமைத்திருப்பார்கள். அதே திசையில் ஓடும் கரை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். நாலு திசையிலிருந்தும் வெளிச்சம் போட்டுப் பார்க்காமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடக் கூடாது.

தேதி சொல்லத் தெரியாதது லைடாருக்கு மட்டும் உள்ள குறையல்ல, வானிலிருந்து பார்க்கும் எல்லா முறைகளுக்குமே உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மேட்டு மேய்ச்சலையும் வயல்களையும் பிரித்துக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கல்வரம்புகளுக்கு 'ரீவ்' என்று பெயர். அவை வெண்கலக் காலத்தவை என்பதை 1970-களில் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஃப்ளெமிங் நிலைநாட்டியது தரையில் நடந்தும் தோண்டியும்தான்.

சரி, நான் முதலில் எடுப்பது எது? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் விமானப்படை நேர்கீழாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். பல, சுமார் 1:10,000 அளவில் இருப்பவை. பிந்தைய பத்தாண்டுகளில் ட்ராக்டர் ஆழ உழுது அழித்த கரைகளும், பிடுங்கி எறிந்த வேலிகளும் அவற்றில் முழுசாக நிற்கும். அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஸ்டீரியோஸ்கோப் என்னும் இரட்டைக் கண்ணாடியில் வைத்தால் மேடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எடுத்தவை தட்டையாகத் தெரியும் என்பதுதான் குறை. ஸ்விண்டன் நகரில் உள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் காப்பகப் படங்களில் ஒரு பகுதியை 2021 முதல் வலைத்தளத்திலேயே பார்க்கலாம்.

அந்தப் படத்தில் வளைந்தோடும் வேலி ஒன்று சிக்கினால், அதை லைடார் மேல் ஏற்றிப் பாருங்கள். வெறும் சமதளம் என்று கடந்துபோன இடத்தில், அதே வளைவில் ஒரு சாண் உயர வீக்கம் தெரியலாம். லைடாரின் உயரப் பிழையே கிட்டத்தட்ட அவ்வளவு வரும் என்பதால், அது தனியாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.