சிஸ்டம் ஸ்லோ: செங்கல்பட்டிலிருந்து ரிச்சி தெரு வரை

ஊருக்குக் கிளம்பும்போதே முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கூடவே வரும். வங்கியில் கேஒய்சி, பட்டா நகல், பல் டாக்டர். இந்தப் பொங்கலுக்கு அதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது செங்கல்பட்டுச் சித்தப்பாவின் கம்ப்யூட்டர்.

சித்தப்பா ரிட்டயர் ஆன பிறகு பஜாரில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்: 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. மற்றபடி அவரைக் கையில் பிடிக்கலாம். பெட்டி அசெம்பிள் செய்தது: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பழசுதான், ஆனால் டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு அது போதும்.

"ஸ்விட்ச் போட்டுட்டுப் போய் குளிச்சிட்டே வந்துடறேன்டா, இன்னும் அந்தப் புள்ளி சுத்திக்கிட்டேதான் இருக்கு. கார்த்திகை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். சித்தி தன் பங்குக்கு, "போகி வருது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றாள்.

"வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சேதி. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமாகிற கம்ப்யூட்டர் வேறு, ஒரு வாரத்தில் திடீரென்று படுத்துக்கொள்கிற கம்ப்யூட்டர் வேறு. முதலாவதில் டிஸ்க் நிரம்பியிருக்கும், ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும் மென்பொருள்கள் சேர்ந்திருக்கும். இரண்டாவதில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று உடைந்துகொண்டிருக்கிறது. என்ன மாறியது என்று கேட்காமல் யார் கை வைத்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் விசாரித்தோம். பெட்டியை எடுத்துப் போகவில்லை, வாயால் சொன்னதோடு சரி. கடைக்காரருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கும் சார். கொண்டாந்து குடுங்க, ஃபார்மெட் அடிச்சு புது ஓஎஸ் போட்டுடலாம். 600 ரூபா. சி டிரைவ் மட்டும்தான் போவும், டி டிரைவ் அப்படியே இருக்கும்."

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று பதில் வந்தது. எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பயம் வேறு. டாலியை நிறுவும்போது இடத்தை மாற்றாமல் விட்டால் கணக்கு ஃபோல்டர் சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கும். சித்தப்பா மாற்றியிருக்கவில்லை. "டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்ற ஆறுதலை நம்பி எத்தனை பேருடைய கணக்குகள் போயிருக்குமோ.

இரண்டாவதாகப் பார்த்தவர் வீட்டுக்கே வருகிற ஆள். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் அனுப்பி வைத்தார். இவரைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். வந்ததும் மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தூசி தட்டினார். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒன்றை நீக்கினார். நல்ல கை. ஆனால் ஆன் ஆகிற நேரம் பெரிதாகக் குறையவில்லை என்றதும், "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு சார், அதான். இந்த போர்டுல 11 ஏறாது. ரீஃபர்பிஷ்டு ஒண்ணு 14,000க்குத் தரேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி போர்டில் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கும், அவ்வளவுதான். கார்த்திகை வரை ஓடிய பெட்டி மார்கழியில் படுப்பதற்கு அது காரணமாக முடியாது.

அன்று சாயங்காலம் போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கியதிலிருந்து லோகோ வரும்வரை சில நொடிகள்தான், அதில் கோளாறில்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் எடுத்துக்கொண்ட நேரம் தனியாகவே எழுதியிருக்கும், அதுவும் குறைவு. லோகோவுக்குக் கீழே புள்ளி சுற்ற ஆரம்பித்த பிறகுதான் ஏழு நிமிடம் போனது. பாஸ்வேர்டு போட்டு டெஸ்க்டாப் உருப்படியாக அசைய இன்னும் ஐந்து. அந்த நேரம் முழுக்க, டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் பெட்டியின் முன்பக்கச் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம். படிக்கிற வேகமோ நொடிக்கு அரை எம்பி கூட இல்லை.

இதுதான் உறுத்தியது. டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும்போது நொடிக்கு 80, 100 எம்பி ஓடினால் யாரோ அதை வேலை வாங்குகிறார்கள் என்று பொருள்: அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், ஏதாவது ஒன்று. 100 சதவீதமும் இருந்து ஒன்றுமே நகரவில்லை என்றால் டிஸ்க் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு திணறுகிறது.

இதற்குமேல் வீட்டில் நோண்டுவது ஆபத்து. போகிக்குள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகாவிட்டால் பொங்கல் விடுமுறையில் கடைகள் அடைத்துவிடும். சிபியுவை ஒரு போர்வையில் சுற்றிப் பெரிய பையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினோம். பூங்கா நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ பிடித்து அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். சிபியுவைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம் இல்லை என்பது சித்தப்பாவின் கருத்து. ஆட்டோ பிடித்தோம்.

ரிச்சி தெருவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கிற சந்துகள். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள். கீழ்த்தளத்தில் விற்கிறவர்கள், மாடியில் பழுது பார்க்கிறவர்கள். தெருவில் நின்று "சார் லேப்டாப்பா, சர்வீஸா" என்று கையைப் பிடிக்கிறவர்களைத் தாண்டி மாடி ஏறுவதுதான் சாமர்த்தியம். நாங்கள் ஏறிய மாடியில் ஒரு சிறிய அறை, இரண்டு மேசை. சுவரில் ஒரு அட்டை: "செக்கிங் சார்ஜ் ரூ. 300. வேலை செய்தால் பில்லில் கழிக்கப்படும்."

சித்தப்பா அட்டையைப் பார்த்து, "பாக்கறதுக்கே 300ஆ?" என்று என் காதில் சொன்னார். எனக்கோ அந்த அட்டையைப் பார்த்ததும்தான் நம்பிக்கை வந்தது.

உள்ளே இருந்த பையனுக்கு இருபத்தைந்து இருக்கலாம். பெட்டியைத் தொடவே இல்லை, முதலில் கேள்விதான். "ஸ்லோன்னா எந்த எடத்துல சார்? லோகோ வர்றதுக்கு முன்னாடியா, சுத்தும்போதா, பாஸ்வேர்டு அடிச்ச பிறகா?" நான் குறித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணாலும் ரீஸ்டார்ட் போட்டாலும் ஒரே நேரம்தானா?" ஆமாம் என்றோம். நல்ல கேள்வி அது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை ஒரு ஃபைலாக டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே எழும். ரீஸ்டார்ட்தான் முதலிலிருந்து தொடங்கும். ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் கோளாறு அங்கே, இரண்டும் மெதுவாக இருந்தால் வேறு எங்கோ. மூன்றாவதாக, "நடுவுல கரன்ட் போச்சா?" என்றான். யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது, மார்கழியில் ஒரு ராத்திரி வேலையின் நடுவில் கரன்ட் போனது என்று சித்தப்பா அப்போதுதான் சொன்னார். என்னிடம் இதை அவர் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லைதான்.

பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மேசைக் கம்ப்யூட்டரில் மாட்டி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தான். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்கிற இலவச மென்பொருள், வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை. திரையை எங்கள் பக்கம் திருப்பி மூன்று வரிகளைக் காட்டினான். சி7 என்ற வரி கேபிளைப் பற்றியது, அது பூஜ்யம், ஆகவே ஐம்பது நூறு ரூபாய்க் கேபிளோடு தப்பிக்க முடியாது. 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறவை. இந்தக் கடைசி இரண்டிலும் எண்கள் ஏறியிருந்தன.

ரேஷன் கடையில் கைரேகை விழாத தாத்தா ஒருவர் முன்னால் நின்றால் பின்னால் இருக்கிற வரிசை மொத்தமும் நிற்கும் அல்லவா, அதே கதைதான். ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் சும்மா விடாது, திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொன்றுக்கும் பல நொடிகள். கெட்ட இடங்கள் விண்டோஸ் எழும்போது படிக்கிற ஃபைல்களின் மேல் விழுந்திருந்தால் ஆன் செய்யும் நேரம்தான் முதலில் அடி வாங்கும். டாலி திறந்த பிறகு ஓரளவு ஓடியதன் காரணமும் அதுவே.

"இதுல ஃபார்மெட் அடிச்சிருந்தா?" என்று கேட்டேன். "ரெண்டு நாள் நல்லா இருக்கும் சார், அப்புறம் மறுபடி இதே. டேட்டாவும் போயிருக்கும். செக்டிஸ்க் ஓட விடலையே?" இல்லை என்றதும் தலையாட்டினான். செக்டிஸ்க் என்பது டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி; சாகக் கிடக்கிற டிஸ்க்கில் மணிக்கணக்கில் அதை ஓட்டினால் இருக்கிற மிச்ச உயிரும் போகலாம். முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் வரிசை.

கெட்டுப்போகிற டிஸ்க்கை நகலெடுக்க லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஓடட்டும், நாளைக்கு வாருங்கள் என்றான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடலாம். அதே கொள்ளளவில் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம், ஆனால் விலை ஏறிக்கிடந்தது. பழைய டிஸ்க்கில் இருந்ததோ 200 ஜிபிக்கும் குறைவு. அதனால் நகலைத் தன்னிடமிருந்த ஒரு டிஸ்க்கில் எடுத்து, பார்ட்டிஷனைச் சுருக்கி, 500 ஜிபி எஸ்எஸ்டியில் ஏற்றித் தருவதாகச் சொன்னான். அதிக விலைக்கு விற்க வாய்ப்பிருந்தும் குறைந்ததைச் சொன்ன கடைக்காரரை ரிச்சி தெருவில் பார்த்தேன் என்று சொன்னால் சிங்கப்பூர் நண்பர்கள் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் பெட்டி எங்கள் கண் முன்னாலேயே அரை நிமிடத்துக்குள் எழுந்தது. சில படங்கள் திறக்கவில்லை. டாலியில் வருடவாரியாக ஒவ்வொரு கம்பெனியையும் திறந்து இருப்பைச் சரிபார்த்த பிறகுதான் சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எஸ்எஸ்டி, நகல் வேலை, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். 300ஐக் கழித்திருந்தான். ஜிஎஸ்டி எண் போட்ட பில், கணக்கெழுதுகிறவர் விடுவாரா.

"பாக்கறதுக்கே காசா" என்ற மனநிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரிலும் சரி, அக்கம்பக்கக் கடைகளிலும் சரி, பழுது என்ன என்று கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிற கடைகள் நிறைய. நம்மூரில் பொருளுக்குக் காசு கொடுப்போம், ஓஎஸ் போட்டால் கொடுப்போம், "உங்க பெட்டியில பெரிசா ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் கொடுக்க மாட்டோம். அப்படியிருக்க, ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் தேட எந்தக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? அவருக்கு ஃபார்மெட்தான் சம்பாத்தியம், ரீஃபர்பிஷ்டுதான் லாபம். பேருந்து நிலையக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் விற்கிறார். மாடிப் பையனிடம் அந்த அட்டையைப் பற்றிக் கேட்டபோது, தினமும் அதற்காக யாராவது சண்டை போடுகிறார்கள் என்றான்.

இடையில் என் லேப்டாப்பும் செங்கல்பட்டில் ஒரு கூத்து செய்தது. பாஸ்வேர்டு அடித்த பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்புத் திரை. சிங்கப்பூர் வீட்டு அலமாரியில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டியை நெட்வொர்க் டிரைவாக இணைத்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டு வைஃபையில் அதைத் தேடித் தேடிச் சலித்த பிறகுதான் டெஸ்க்டாப் வந்தது. டிரைவின் இணைப்பை எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் லேப்டாப்புகள் திடீரென்று மந்தமானால் முதலில் இதைப் பாருங்கள், ஆபீஸ் லேப்டாப் என்றால் விபிஎன்னையும் சேர்த்து. கடைக்குப் போகத் தேவையில்லை.

சித்தப்பாவின் விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லை. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி உள்ளூரிலேயே கிடைத்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். காலையில் பதினொன்றுக்கு முன்னால் போய்ப் பயனில்லை. லேப்டாப்பாக இருந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை, 48 இலக்கம், எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டிஸ்க் மாற்றினால் கேட்கக்கூடும், அங்கே நின்றுகொண்டு தேட முடியாது. பழைய டிஸ்க்கை மறக்காமல் திருப்பி வாங்குங்கள், பத்து வருடத்துக் கணக்கு அதில் இருக்கிறது. சித்தப்பா அதை சித்திக்குத் தெரியாமல் பீரோவில் வைத்திருக்கிறார், போகி முடிந்துவிட்டாலும்.