1000 ஷில்லிங் வாங்குகிறீர்களா? தாளில் யார் படம் என்று பாருங்கள்

வியன்னாவில் பழைய பணத்தாள் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சனிக்கிழமைச் சந்தையில் கடை போடும் ஒருவர், யூரோவுக்கு முன் ஆஸ்திரியாவில் புழங்கிய ஷில்லிங் பணத்தில் மூன்று 1000 தாள்களைத் தலா 80 யூரோவுக்கு என் தலையில் கட்டினார். "நஷ்டமே வராது. ஆஸ்திரிய தேசிய வங்கியில் எப்போது நீட்டினாலும் தாளுக்கு 72.67 யூரோ தருவார்கள்" என்று அடித்துச் சொன்னார்.

கணக்கு என்னவோ சரிதான். ஒரு யூரோவுக்கு 13.7603 ஷில்லிங், மாறாத விகிதம். ஆனால் எல்லா 1000 ஷில்லிங்குக்கும் அது செல்லாது.

ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் மேலே தெரிந்தது 1997-ஆம் ஆண்டுத் தாள், ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் படம் போட்டது. உறையைப் பிரிக்கச் சொன்னால், விரல் பட்டால் தரம் குறையுமாம்! அடியில் இருந்த இரண்டும் 1983 வரிசை: முன்னால் கண்ணாடி போட்ட இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர், பின்னால் வியன்னா பல்கலைக்கழகம். அதுவும் நீலம், அதிலும் 1000. இரண்டு வகைத் தாளையும் வடிவமைத்தவர் பின்னாளில் யூரோ தாள்களை வரைந்த ராபர்ட் கலினாதான். அழகில் ஷ்ரோடிங்கர் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

அப்புறம் பணமுடை வந்து வங்கிக்குப் போனேன். கவுன்டரில் லேண்ட்ஸ்டெய்னரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பித் தள்ளிவிட்டார்கள். ஷ்ரோடிங்கர் தாளை மாற்றும் அவகாசம் 2018 ஏப்ரல் 20-உடன் முடிந்துவிட்டது. கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் படம் போட்ட 500 ஷில்லிங்குக்கும் அதே கதி. இத்தனைக்கும் வங்கி இருப்பதே ஓட்டோ வாக்னர் சதுக்கத்தில்!

கடைக்காரரிடம் கேட்டேன். "சேகரிப்பவர்களுக்கு அதற்குத் தனி மதிப்பு உண்டு" என்றார். சரி, அந்த மதிப்புக்கே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும், இரண்டுக்கும் சேர்த்து 10 யூரோ தருகிறேன் என்றார். அவர் எழுதித் தந்த சீட்டிலோ 'ஷில்லிங் தாள் 3' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

வங்கி காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருவது இவற்றைத்தான்: 5000 மோட்சார்ட், 1000 லேண்ட்ஸ்டெய்னர், 500 ரோசா மைரெடர், 100 போம் பாவெர்க், 50 பிராய்டு, 20 டாஃபிங்கர். வேறு முகம் இருந்தால் வங்கி விலையைப் பேச்சிலேயே சேர்க்க விடாதீர்கள். உறையைப் பிரிக்க மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். சீட்டில் தாளின் ஆண்டையும் படத்திலிருப்பவர் பெயரையும் எழுதி வாங்குங்கள்.