டிஜிகாமோடு ஒன்பது ஆண்டுகள்: 70,000 படங்களைக் கட்டிக்காத்த அனுபவம்

படங்களை அடுக்கிவைக்க அதுவரை பயன்படுத்திவந்த மென்பொருளை அதை உருவாக்கியவர்களே கைவிட்டபோதுதான், இரவிரவாக உட்கார்ந்து நான் எழுதிய படக்குறிப்புகளில் பெரும்பகுதி அதன் தரவுத்தளத்துக்குள் சிக்கிக்கிடப்பது தெரிந்தது. ஆகவே அடுத்த மென்பொருளில் நான் முதலில் தேடியது, குறிச்சொற்களைப் படக்கோப்பிலேயே எழுதிவைக்கும் வசதியை. கட்டற்ற மென்பொருளான டிஜிகாம் அதைச் செய்கிறது. மூலக் கோப்பைத் தொட மனமில்லாதவர்கள் எக்ஸ்எம்பி எனப்படும் துணைக்கோப்பில் எழுதிக்கொள்ளலாம். முகங்களை அடையாளம் காணும் வசதியும் உண்டு. எனக்கு அது அவ்வளவாகப் பயன்படவில்லை.

ஆண்டு, அதற்குள் மாதம் என்று அடைவுகளைப் பிரித்து, எடுத்த தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயராக்கிவிட்டேன். கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மீண்டும் 0001-இலிருந்து தொடங்குவதால், பழைய பெயர்களை அப்படியே விட்டால் ஒரு படத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிடும். ஆனால் தேதியை நம்பி அடுக்க வேண்டுமென்றால் தேதி சரியாக இருக்க வேண்டுமே! மின்கலம் தீர்ந்துபோய்க் கடிகாரம் தொடக்கநிலைக்குத் திரும்பியதால், ஒரு பயணத்தின் 400 படங்களும் 2000 ஜனவரியில் எடுத்தவை என்று பதிவாகியிருந்தன. அவற்றுள் ஒன்றில் பின்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் 4.20 காட்டியது, நாள் எதுவென்று பயணச்சீட்டு சொன்னது. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு, படக்கோப்புக்குள் பதிவான தேதி போன்ற விவரங்களைத் திருத்தும் எக்சிஃப்டூல் என்ற கருவி கொண்டு அத்தனை படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்தினேன். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, எடுத்த நேரம் அவற்றிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும்.

காப்புப்படியைப் பொறுத்தவரை, மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 முறையைத்தான் நானும் பின்பற்றினேன். மேகச் சேமிப்பின் ஒத்திசைவையும் ஒரு படியாக எண்ணியிருந்தது என் தவறு. கைபேசியில் கவனமில்லாமல் ஓர் அடைவை அழித்தேன். கணினியிலும் அது அழிந்தது. அலமாரியில் கிடந்த வன்தட்டு கைகொடுத்ததால் தப்பித்தேன்.

அதைவிடக் கசப்பானது அடுத்தது. நான்காம் ஆண்டில் பழைய படமொன்றைத் திறந்தபோது மேற்பாதியில் என் பாட்டியின் முகம் தெளிவாக இருக்க, கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. வன்தட்டை எடுத்துப் பார்த்தால் அங்கும் அதே சாம்பல். எப்போதோ பழுதுபட்ட கோப்பை, நல்ல படியின் மேலேயே நான் விசுவாசமாக நகலெடுத்து வைத்திருக்கிறேன்! அதன்பின் பழைய பதிப்புகளையும் சேர்த்துவைக்கும் ரெஸ்டிக் என்ற கருவிக்கு மாறினேன். ஒவ்வொரு கோப்புக்கும், அதில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் ஷா-256 என்ற சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டுப் பட்டியலாகவும் வைத்திருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவதற்கு ஓர் இரவு முழுவதும் பிடிக்கிறது, கணினி தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். ஆண்டுக்கொரு முறை ஏதேனும் ஒரு மாதத்தைத் தேர்ந்து, காப்புப்படியிலிருந்து வெற்று வன்தட்டில் மீட்டெடுத்துத் திறந்தும் பார்க்கிறேன்.

பாட்டியின் படத்தில் மீதமிருக்கும் பாதியை வெட்டித் தனிக்கோப்பாக வைத்திருக்கிறேன். அதே நாளில் எடுத்த வேறொரு படம் உறவினர் யாரிடமாவது இருக்குமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.