தூண்டில் மிதவைக்கு ஒளிக்குச்சி: உறையில் போட்ட 12 மணி நேரம் தென்கடலில் செல்லுமா?

4.5 மி.மீ. தடிமன், 37 மி.மீ. நீளம், பச்சை வெளிச்சம், ஃபாயில் உறைக்குள் இரண்டு குச்சி. பாம்பன், மண்டபம் பக்கம் ராத்தூண்டில் போடுகிறவர்கள் மிதவையில் செருகும் சின்ன ஒளிக்குச்சி இது. இருட்டில் மிதவையைக் கண்ணில் வைத்திருக்க இதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் உறையில் அச்சடித்த மணிக்கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

குச்சிக்குள் மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதற்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளியே டைஃபீனைல் ஆக்சலேட் போன்ற எஸ்டர் வகை வேதிப்பொருளும் சாயமும். குழல் உடைந்து இரண்டும் கலந்தால், நிலையில்லாத ஒரு இடைப்பொருள் உண்டாகி, கார்பன் டை ஆக்சைடாகச் சிதைகிறது. அப்போது விடுபடும் ஆற்றலைச் சாயம் வாங்கி வெளிச்சமாக விடுகிறது. நிறம் சாயத்தைப் பொறுத்தது. பெட்ரோமாக்ஸில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். இந்தக் குச்சியோ கையில் சுடாது. தீப்பொறி இல்லாததால் மண்ணெண்ணெய் கேன் பக்கத்திலேயே வைக்கலாம்.

சூடு வெளியே வராவிட்டாலும், வெளிச்சூடு இதைப் பாதிக்கும். 10 டிகிரி ஏறினால் வினை வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. சித்திரை, வைகாசி ராத்திரியின் புழுக்கத்தில் குச்சி பளிச்சென்று எரிந்து, சரக்கைச் சீக்கிரம் தீர்த்துவிடும். மிதவையின் ஆட்டம் தெளிவாகத் தெரியும் வெளிச்சம் நான்கைந்து மணி நேரம்தான் என்று கணக்கு வையுங்கள். மிச்சமெல்லாம் மங்கல். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். எரியும் குச்சியை ஐஸ்பெட்டியில் போட்டால் மங்கும், அணையாது. வெளியே எடுத்ததும் மிச்சமிருக்கும் சரக்குக்கு ஏற்ப மறுபடி தெளியும். பளிச்சென்று எரியட்டும் என்று வெந்நீரில் போடுவது வீண்.

உடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடுவில் பிடித்து லேசாக வளைத்து, ‘டிக்’ என்று கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் வளைத்தால் பிளாஸ்டிக் பிளந்து கசியும். பிறகு பத்து நொடி நன்றாக உதறுங்கள். குழாய் குறுகலானது, காற்றுக்குமிழி நடுவில் நின்றுவிடும். உதறாத குச்சி பாதி மட்டுமே எரிவது இதனால்தான். கசிந்தது கண்ணில் பட்டால் எரியும், நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். உள்ளே கண்ணாடிச் சில்லு இருப்பதால் குச்சியை வெட்டவே வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

எரியாத குச்சி வந்தால் முதலில் உறையைப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை போதும், ஈரம் புகுந்து எஸ்டரைக் கெடுத்துவிடும். கடைவாசலில் வெயிலில் தொங்கும் சரத்தை வாங்காதீர்கள். சூட்டில் பெராக்சைடு தானாகவே சிதையும். தேதி அச்சில்லாத உறையும் வேண்டாம்.

படகுக்கு அடையாள விளக்காக இதை வைப்பது ஆபத்து. எதிரே வரும் விசைப்படகுக்கு இந்த வெளிச்சம் எட்டாது. அணைந்த குச்சியைக் கடலில் வீசாமல் டப்பாவில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். ஆமையும் கடல்பசுவும் மேயும் கடல் இது.

ஒரு ராத்திரிக்கு ஒரு மிதவைக்கு இரண்டு குச்சி சரி: ஒன்று அந்தியில், மற்றது நடுச்சாமத்தில். உறையைக் கிழித்த பிறகு இரண்டாவதை அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.