யூ-லாக்கா, சங்கிலியும் திண்டுக்கல் பூட்டுமா?

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். தினமும் பறக்கும் ரயில் நிலையம் வரை சைக்கிள், அங்கே பூட்டிவிட்டு ரயில். இதுவரை நான்கு வகைப் பூட்டு மாற்றியாயிற்று, நடுவில் ஒரு சைக்கிளையும் பறிகொடுத்தேன். யாராவது எந்தப் பூட்டு வாங்கலாம் என்று கேட்டால் இப்போது தயங்காமல் சொல்வேன்: சங்கிலியும் தனிப் பூட்டும்.

பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டைப் பற்றிப் பேச அதிகமில்லை. சக்கரம் சுழலாது, ஆனால் வண்டியை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விடலாம். நம்பர் வைத்துத் திறக்கும் கேபிள் பூட்டு பார்க்கத்தான் தடிமன்; பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதெல்லாம் மெல்லிய கம்பிப் புரி, கட்டிங் பிளேயர் வைத்து ஒவ்வொன்றாக நறுக்கிவிடலாம். முன்சக்கரத்துக்குத் துணைப் பூட்டாக வேண்டுமானால் இருக்கட்டும்.

அப்புறம் யூ-லாக், அதாவது U எழுத்துபோல வளைத்த தடித்த கம்பியும் அதன் இரு முனையையும் பூட்டும் குறுக்குத் தண்டும். உறுதியில் இதுதான் முன்னே நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. நல்ல யூ-லாக்கின் கம்பி கடினப்படுத்திய எஃகு. அரத்தால் தேய்த்தால் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஹார்ட்வேர் கடையில் கிலோ கணக்கில் தரும் சங்கிலியில் அதே அரம் உடனே கோடு போட்டுவிடும். பெரிய போல்ட் கட்டரோடு வருபவனுக்கு என் சங்கிலி பெரிய தடையில்லை. இது தெரிந்தேதான் சங்கிலிக்கு மாறினேன்.

காரணம் உப்புக் காற்று. கடலோரத்தில் பூட்டின் உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பின்களும் ஸ்பிரிங்கும்தான் முதலில் போகும். என் யூ-லாக் ஒரு மழைக்காலம் முடிந்ததும் இறுக ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன், அது தூசியைச் சேர்த்துப் பிசினாகி நிலைமையை இன்னும் கெடுத்தது. தினமும் காலையில் ரயிலுக்கு நேரமாகும்போது சாவியை ஆட்டி, அழுத்தி, மூச்சைப் பிடித்துத் திருப்ப வேண்டும். அப்படி ஒரு பூட்டு கையில் இருந்தால் என்ன நடக்கும்? 'ரெண்டு நிமிஷம்தானே' என்று அதைப் பையிலேயே வைத்துவிட்டுப் போகப் பழகிவிடுவோம். ஒரு சாயங்காலம் மருந்துக் கடை வாசலில் வெறும் கேபிளை மாட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நறுக்கிய கேபிள் மட்டும் தரையில் கிடந்தது. யூ-லாக் என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. அதனால்தான் பராமரிப்பை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: எவ்வளவு உறுதியான பூட்டானாலும் தினமும் சிரமமில்லாமல் திறக்கவில்லை என்றால் அதைப் போடவே மாட்டோம்.

சங்கிலியில் இந்தச் சிக்கலுக்கு வழி இருக்கிறது, ஏனென்றால் சங்கிலி வேறு, பூட்டு வேறு. யூ-லாக்கில் சாவித்துளை கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டும். இங்கே பூட்டை மட்டும் மாற்றினால் போதும். நான் போட்டிருப்பது திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். உள்ளே லிவர்கள் (சாவி தூக்கிவிடும் தகடுகள்), என் பூட்டில் அவை பித்தளை, இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. எண்ணெய்க்குப் பதில் பென்சில் முனையைச் சுரண்டிய தூளைத் துளையில் போட்டு, சாவியை நாலைந்து தரம் திருப்பினால் லேசாகிவிடும். மாதம் ஒரு முறை செய்கிறேன். சங்கிலி 8 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினேன். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கனம் வரும், அது தொல்லைதான். பெயின்ட் உரியாமலிருக்கப் பழைய டியூபுக்குள் நுழைத்திருக்கிறேன். மழையில் நனைந்தால் டியூபை உருவிக் காயவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் நின்று சங்கிலியே துருவேறும்.

இன்னொரு வசதி, நிலையத்தின் தடித்த தூணையும் சங்கிலி சுற்றி வரும், யூ-லாக்குக்குள் அந்தத் தூண் நுழையவே நுழையாது. பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துச் சுற்றி, பூட்டு தரையில் படாமல் மேலே இழுத்து மாட்டுங்கள். தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிக்க வாகாகிவிடும்.

இந்தச் சங்கிலிக்கு என் அனுபவம் இரண்டு மழைக்காலம்தான், ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். வண்டியும் என்னுடையது சாதாரணம். விலை அதிகமான கியர் சைக்கிள், வீடும் அம்பத்தூர், ஆவடி என்று கடலுக்குத் தள்ளி இருக்கிறது என்றால் யூ-லாக்கே வாங்குங்கள். குழாய் மாதிரி வட்டச் சாவி போடுவது மட்டும் வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் அந்த வகைப் பூட்டுகளைப் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைத் திணித்தே திறந்து காட்டினார்கள்.